டெல்லிக்கு எந்த மாதம் போவது?

தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு டெல்லிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் கிளம்புகிறார்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மே மாதம் ஒன்று. அரையாண்டு விடுமுறை வரும் டிசம்பர் கடைசி வாரம் மற்றொன்று. பொங்கலை ஒட்டி நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் ஜனவரியில் போகிறவர்களும் உண்டு. டெல்லியின் வானிலையை வைத்துப் பார்த்தால் மூன்றுமே பொருந்தாத சமயங்கள். மே மாதத்தில் பகல் முழுக்க வெளியே தலைகாட்ட முடியாது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ரயில் எப்போது போய்ச் சேரும், விமானம் நேரத்துக்கு இறங்குமா என்பதே நிச்சயமில்லை. போய்ச் சேர்ந்த பிறகு தாஜ் மஹால் கண்ணுக்குத் தெரியுமா என்பதும் நிச்சயமில்லை.

வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கிட்டத்தட்ட 2,200 கிலோமீட்டர் போகிறோம். பலருக்கு அது வாழ்நாளில் ஒரே ஒரு டெல்லிப் பயணமாக அமைந்துவிடுகிறது. அதனால்தான், எந்த ஹோட்டலில் தங்குவது என்று தேடுவதற்குமுன் எந்த மாதம் போவது என்று முடிவு செய்யுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். நம் பள்ளி விடுமுறைகளிலேயே டெல்லிக்கு மிகப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. நீண்ட பயணத்துக்கென்று அதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதற்கு வருவதற்குமுன், அந்த ஊரின் வானிலை ஏன் இப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கடல் எட்டாத ஊர்

சென்னையின் வெயிலையும் குளிரையும் அடக்கி வைப்பது கடல். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். மே மாதத்தில் நண்பகலுக்குப் பிறகு கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் வெப்பம் ஏறுவது நின்றுவிடும். டிசம்பர் இரவிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. டெல்லிக்கு அந்தக் காவல் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் கடல் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மேற்கே தார் பாலைவனம், வடக்கே இமயமலை. கோடையில் பாலைவனக் காற்று நேராக வந்து இறங்குகிறது. குளிர்காலத்தில் பனிமலைப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது.

பகல் நேரமும் நமக்குப் பழக்கமானதுபோல் இருக்காது. சென்னையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். டெல்லியில் ஜூன் பகல் ஏறக்குறைய 14 மணி நேரம்; டிசம்பர் கடைசியில் பத்தேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதாவது ஜூனில் காலை ஐந்தரைக்கு முன்பே விடிந்து மாலை ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் தெரியும், மாலை ஐந்தரைக்குள் மறைந்துவிடும்.

எண்களாகச் சொன்னால், மே மாதச் சராசரிப் பகல் வெப்பநிலை சுமார் 40 டிகிரி. ஜனவரி இரவு சுமார் 7 டிகிரி. எண்களைவிடப் பாதம் இதை நன்றாகச் சொல்லும். ஜாமா மசூதியின் முற்றம் முழுக்கச் செந்நிறக் கல். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். மே மாத நண்பகலில் விரிப்பை விட்டுக் காலை எடுத்து அந்தக் கல்லில் வைக்க முடியாது. ஜனவரிக் காலையில் அதே கல் உள்ளங்காலை மரத்துப்போகச் செய்யும். பங்களா சாஹிப் குருத்வாராவில் வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுப் பளிங்குத் தரையில் ஏற வேண்டும்; குளிர்காலத்தில் முதியவர்கள் அங்கே தயங்கி நிற்பார்கள். கோயில், மசூதி, குருத்வாரா என்று வெறுங்காலோடு நடக்க வேண்டிய இடங்கள் டெல்லியில் நிறைய. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் நல்ல கனத்த காலுறைகள் எடுத்துப் போங்கள்.

டிசம்பரும் ஜனவரியும்

டெல்லியின் டிசம்பர் என்றால் குளிர் என்று நினைத்து ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு கிளம்புகிறோம். குளிரை ஸ்வெட்டர் சமாளித்துவிடும். பயணத்தைக் குலைப்பது மூடுபனி.

மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து வரும் வானிலை அமைப்புகளை மேற்கத்திய இடையூறு என்பார்கள். குளிர்காலத்தில் இவை அடுத்தடுத்து வரும். அப்போது இமயமலையில் பனி பொழியும், சமவெளியில் லேசாக மழை பெய்யும். தொல்லை ஆரம்பிப்பது அது கடந்துபோன பிறகுதான். வானம் தெளிந்துவிடும், காற்று அடங்கிவிடும், மண் ஈரமாக இருக்கும். சுற்றிலும் கோதுமை வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருப்பார்கள். இரவோ பதின்மூன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் நுண்துளிகளாகி, நகராமல் அங்கேயே நின்றுவிடும். இது ஓர் ஊரின் மூடுபனி அல்ல. பாகிஸ்தானிலிருந்து பீகார்வரை இமயமலை அடிவாரம் நெடுகப் படரும். செயற்கைக்கோள் படத்தில் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரியும்.

பார்வைத்தூரம் 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி என்றும், 50 மீட்டருக்குக் கீழே போனால் மிக அடர்ந்த மூடுபனி என்றும் வானிலை ஆய்வுத் துறை வகுத்திருக்கிறது. 2024 ஜனவரி 14 காலையில் டெல்லியின் பாலம் விமான நிலையத்தில் பார்வைத்தூரம் பூஜ்யம் என்று பதிவானது. டெல்லியில் மூடுபனியிலும் இறங்க உதவும் கருவிகள் கொண்ட ஓடுபாதைகள் இருக்கின்றன. ஆனால் விமானத்திலும் அதற்கேற்ற கருவி இருக்க வேண்டும், விமானிக்கும் அந்தப் பயிற்சி இருக்க வேண்டும். மேலெழும்புவதற்கோ இறங்குவதைவிடக் கூடுதல் பார்வைத்தூரம் தேவை. அதனால்தான் காலையில் சில விமானங்கள் ஜெய்ப்பூருக்கும் லக்னோவுக்கும் திருப்பிவிடப்படுகின்றன. காலையில் சிக்கிய விமானம்தான் மாலையில் வேறொரு ஊருக்குப் போக வேண்டும் என்பதால், டெல்லியில் வெயில் அடித்த பிறகும் சென்னையிலோ மதுரையிலோ பயணிகள் காத்திருக்க நேரிடுகிறது.

ரயிலுக்கு இன்னொரு சங்கடம். சென்னையிலிருந்து போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி. எக்ஸ்பிரஸ் இரண்டுமே காலையில் டெல்லி சேரும்படி நேரம் வகுக்கப்பட்டவை. மற்ற மாதங்களில் அது பெரிய வசதி. குளிர்காலத்தில் அதுவே வினையாகிறது. குவாலியர், ஆக்ரா, மதுரா என்று மூடுபனி மிகுந்த கடைசிப் பகுதியை, மூடுபனி மிகுந்த பின்னிரவு நேரத்தில் அவை கடக்க வேண்டும். சிக்னலே கண்ணுக்குத் தெரியாத இரவுகளில், சிக்னலுக்குச் சற்று முன்பாகத் தண்டவாளத்தின்மேல் சிறு வெடிகளைப் பொருத்தி வைப்பது ரயில்வேயின் பழைய முறை. சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, சிக்னல் நெருங்குகிறது என்று ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். இப்போது ஜி.பி.எஸ். கருவி எஞ்சினுக்குள்ளேயே உட்கார்ந்து அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் என்று சொல்லிவிடுகிறது. இருந்தாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். முன்னால் போகும் ரயில் தாமதமானால் பின்னால் வருவதும் தாமதமாகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வட இந்தியாவில் பல ரயில்களை முன்கூட்டியே ரத்து செய்தோ, ஓடும் நாள்களைக் குறைத்தோ அறிவிப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது.

ஆகவே டிசம்பரில் போயே தீர வேண்டும் என்றால், போய்ச் சேரும் நாளில் எந்த ஏற்பாடும் வைத்துக்கொள்ளாதீர்கள். விமானம் என்றால் நண்பகலுக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் இறங்குவதாகப் பாருங்கள். திரும்பி வரும்போதும் அப்படியே. அதிகாலை விமானத்தில் கட்டணம் குறைவாக இருக்கும். அந்த மிச்சம், விமான நிலையத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்கும்போது பெரிதாகத் தோன்றாது. டெல்லியில் இறங்கி அன்றைக்கே வேறு விமானமோ ரயிலோ பிடிப்பதாகத் திட்டமிடவே கூடாது.

ஆக்ராவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவதுதான் எல்லாருடைய திட்டமும். குளிர்காலத்தில் இது சரிப்படாது. யமுனா விரைவுச் சாலையில் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை கார்களுக்கான வேக வரம்பை மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 75 ஆகக் குறைப்பார்கள். மூடுபனியில் ஒன்றன்பின் ஒன்றாக வாகனங்கள் மோதிக்கொள்ளும் விபத்துகள் அந்தச் சாலையில் நடந்திருக்கின்றன. விடியற்காலையில் வாடகைக் கார் எடுப்பதை நான் உறுதியாக வேண்டாம் என்பேன். ரயிலில் போய், ஆக்ராவில் ஓர் இரவு தங்குங்கள். விடியற்காலையில் தாஜ் மஹால் அழகு என்று எல்லாப் பயணக் குறிப்புகளிலும் எழுதியிருக்கும். அது மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் பொருந்தும். ஜனவரி விடியலில் வாயிலைத் தாண்டி நின்றால் எதிரே வெறும் வெண்மைதான், கட்டடம் இருக்கும் திசைகூடத் தெரியாத நாள்கள் உண்டு. பிற்பகல் ஒரு மணிக்கு மேல் போனால், வெயில் மங்கலாக இருந்தாலும் பளிங்கு தெரியும். வெள்ளிக்கிழமை தாஜ் மஹாலுக்கு விடுமுறை என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

டெல்லிக்குள்ளும் டிசம்பர் நாள் என்பது பதினொரு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிவது. ஆறு மணி நேரம். மே மாதத்தில் விடியலிலும் மாலையிலுமாகப் பிரித்துப் பார்க்கும் இடங்களைக் குளிர்காலத்தில் இந்த ஆறு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும். அதே இடங்களுக்கு டிசம்பரில் ஒரு நாளாவது கூடுதலாக ஒதுக்க வேண்டியிருக்கும். இன்னொன்றையும் பலர் எதிர்பார்ப்பதில்லை. டெல்லி வீடுகளிலும் நடுத்தர ஹோட்டல்களிலும் அறையைச் சூடாக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது. மூடுபனி விலகாமல் பகலும் சூடேறாத நாளைக் குளிர்ப் பகல் என்று வானிலைத் துறை அறிவிக்கும். அன்றைக்கு வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர் அறைக்குள்ளும். ஹீட்டர் தருவார்களா, வெந்நீர் எப்போதும் வருமா என்று அறை எடுக்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொங்கலுக்குப் போகிறவர்களுக்குக் குடியரசு தின ஒத்திகையும் சேர்ந்துகொள்ளும். ஜனவரி இரண்டாம் பாதியில், அணிவகுப்பு நடக்கும் கடமைப் பாதையைச் சுற்றி அடிக்கடி சாலைகளை அடைப்பார்கள். செங்கோட்டை சில நாள்கள் பார்வையாளர்களுக்கு மூடப்படும். 26ஆம் தேதிக்கு முந்தைய சில நாள்களில் காலை வேளையில் விமானப் போக்குவரத்தையே சில மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள்.

இவ்வளவு சொன்னாலும், குளிர்காலத்தில் மட்டுமே கிடைக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. பழைய டெல்லியின் சாந்தினி சௌக் சந்துகளில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தௌலத் கீ சாட் என்ற இனிப்பை விற்பார்கள். பெயரில் சாட் இருந்தாலும் புளிப்போ காரமோ கிடையாது. பாலை இரவுக் குளிரில் திறந்த வெளியில் வைத்து, விடிவதற்குமுன் கடைந்து, மேலே எழும் நுரையை மட்டும் வழித்து எடுக்கிறார்கள். அந்த நுரைதான் பண்டம். மேலே குங்குமப்பூ நிறம், பொடித்த சர்க்கரை, கொஞ்சம் கோவா, பிஸ்தாச் சீவல். வாயில் வைத்ததும் எடையே இல்லாமல் கரைந்துபோகும். வெயில் ஏறினால் நுரை தளர்ந்து உட்கார்ந்துவிடும் என்பதால் கோடையில் இதைச் செய்யவே முடியாது. டிசம்பரில் போகிறவர்கள் மூடுபனிக் காலையை அறையில் கழிக்காமல், மெட்ரோவில் சாந்தினி சௌக் போய் இதைச் சாப்பிடுங்கள். காரட் அல்வாவும் அந்தக் குளிரில்தான் ருசி. காலை வேளைக்கு டெல்லியில் இதைவிட நல்ல திட்டம் எனக்குத் தெரியவில்லை.

தீபாவளியை ஒட்டிப் போகலாமா?

கூடாது. தீபாவளி விடுமுறையை நீட்டித்து டெல்லிக்குப் போக நினைப்பவர்களுக்கு இதுதான் என் பதில். குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் இன்னும் அழுத்தமாகச் சொல்வேன்.

பருவமழை விலகியபின் காற்று வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கும். அந்தத் திசையில் பஞ்சாபும் ஹரியானாவும் இருக்கின்றன. அங்கே அக்டோபரில் நெல் அறுவடை முடிந்து, நவம்பருக்குள் கோதுமை விதைக்க வேண்டும். நிலத்தடி நீரைக் காப்பதற்காக, நெல் நடவை ஜூன் நடுப்பகுதிக்குத் தள்ளும் சட்டத்தை 2009இல் பஞ்சாப் கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான், ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போய், அடுத்த விதைப்புக்கு இடைவெளி சுருங்கிவிட்டது. வைக்கோல் தாளை அகற்ற அவகாசம் இல்லாமல் வயலிலேயே கொளுத்துகிறார்கள். அந்தப் புகை டெல்லிக்கு வரும் நேரத்தில்தான் காற்றின் வேகமும் குறைகிறது. இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து கீழே தங்க, அதற்குமேல் வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடிபோல் அமர்ந்துகொள்கிறது. வாகனப் புகை, கட்டுமானத் தூசு, தொழிற்சாலைப் புகை, தீபாவளிப் பட்டாசு எல்லாம் அந்த மூடிக்குக் கீழே சேர்ந்துவிடுகின்றன.

காற்றுத் தரக் குறியீட்டில் 100 வரை திருப்திகரம். 300ஐத் தாண்டினால் மிக மோசம், 400ஐத் தாண்டினால் கடுமை. 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் குறியீடு 490ஐத் தாண்டியது. பள்ளி வகுப்புகள் இணையவழிக்கு மாறின. அப்படிப்பட்ட நாள்களில் குதுப் மினாரின் 73 மீட்டர் உயரத்தையும் அண்ணாந்து பார்த்தால் உச்சி மங்கித் தெரியும். வைக்கோல் எரிப்பு நவம்பர் இறுதியோடு ஓய்ந்துவிடும். குறியீடு மட்டும் டிசம்பர், ஜனவரியிலும் பல நாள்கள் 300க்கு மேலேயே இருக்கும். டெல்லியின் சொந்தப் புகையே அதற்குப் போதும் என்பதைத்தான் இது காட்டுகிறது. வயலில் தீ வைக்கும் விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

கடுமை நிலை வந்தால் கட்டுமானங்களுக்கும், பழைய டீசல், பெட்ரோல் கார்களுக்கும் தடை வரும். வாடகைக் கார் எடுப்பவர்கள் அந்தக் கார் தடைக்குள் வருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். துணி முகக்கவசம் இந்த நுண்துகள்களைத் தடுக்காது. என்-95 வகைதான் பயன்படும், அதுவும் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் ஒவ்வொரு பகுதியின் குறியீடும் கிடைக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பார்த்து வாருங்கள்.

மே மாதம்

நமக்கு வெயில் புதிதல்ல, வேலூரிலும் திருத்தணியிலும் பார்க்காத வெயிலா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டெல்லி வெயில் வேறு வகை. ராஜஸ்தான் பக்கத்திலிருந்து லூ என்னும் வறண்ட அனல்காற்று வீசும்போது பிற்பகலில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். நம் ஊரில் வியர்வை வழிந்து சட்டை நனைந்து, நாமே தண்ணீர் தேடிப் போவோம். அங்கே வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடும். உடம்பு தண்ணீர் இழப்பது தெரியாது. உதடு வெடிக்கும், தலை வலிக்கும், குழந்தை சோர்ந்து படுத்துவிடும். அப்போதுதான் புரியும். தாகம் எடுக்காவிட்டாலும் அரை மணிக்கு ஒருமுறை குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெருவோரம் கிடைக்கும் மாங்காய்ப் பானகமான ஆம் பன்னா, வில்வப்பழச் சர்பத் இரண்டும் இந்தக் காற்றுக்கென்றே அந்த ஊர் கண்டுபிடித்த பானங்கள். சுத்தமான கடையாகப் பார்த்துக் குடியுங்கள்.

செய்தியில் வரும் உச்ச வெப்பநிலையைக் கண்டு மிரளவும் வேண்டாம். 2024 மே 29 அன்று டெல்லியின் புறநகரான முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று நாடு முழுக்கச் செய்தி பரவியது. அங்கிருந்த தானியங்கிக் கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று பிறகு வானிலைத் துறை கண்டறிந்தது. டெல்லியின் அடிப்படை நிலையம் சஃப்தர்ஜங். அதில் பதிவான உச்சம் 1944 மே 29 அன்றைய 47.2 டிகிரி. பயணத் திட்டத்துக்கு சஃப்தர்ஜங் முன்னறிவிப்பையே பாருங்கள். பகல் உச்சத்தைவிட இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலை 30க்குக் கீழே வருகிறதா என்று பார்ப்பது அதிகம் உதவும். இரவும் ஆறாத நாள்களில்தான் உடம்பு தேறாது.

மே மாதம் தவிர வேறு வழியில்லை என்றால், நாளை இரண்டாக உடைத்துவிடுங்கள். ஹுமாயூன் கல்லறையும் குதுப் வளாகமும் சூரிய உதயத்திலிருந்தே திறந்திருக்கும். ஆறு மணிக்கு அங்கே இருந்தால் ஒன்பதரைவரை நிம்மதியாகப் பார்க்கலாம், கூட்டமும் இருக்காது. பிறகு மாலை ஐந்துவரை கூரைக்குக் கீழே இருங்கள். தேசிய அருங்காட்சியகம், தீன் மூர்த்தி வளாகத்திலுள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம் இரண்டுமே ஆளுக்கு அரை நாள் கேட்பவை. இரண்டுக்கும் திங்கள்கிழமை விடுமுறை. மாலையில் இந்தியா கேட். சூரியன் மறையும் நேரத்தில் திடீரென்று வானம் பழுப்பேறினால் புழுதிப்புயல் வருகிறது என்று பொருள். மரத்தடியிலோ விளம்பரப் பலகை அருகிலோ நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். 2018 மே 2 இரவு அடித்த புயலில் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆக்ரா மாவட்டத்தில் சேதம் அதிகம்.

அறை எடுக்கும்போது கூலர், ஏ.சி. வித்தியாசத்தையும் கவனியுங்கள். தண்ணீர் ஊறிய புல் தட்டிகள் வழியாகக் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் பெரிய தகரக் கூலரை டெல்லியின் ஜன்னல்களில் பார்க்கலாம். வறண்ட மே மாதத்தில் அது நன்றாகவே வேலை செய்யும், கட்டணமும் குறைவு. ஜூலையில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அதே கூலர் அறையைப் புழுக்கமாக்கிவிடும். மழைக்காலத்தில் ஏ.சி. அறைதான்.

அந்த மழைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 27ஐ ஒட்டித் தொடங்க வேண்டும் என்பது கணக்கு. 2021இல் ஜூலை 13 ஆகிவிட்டது. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஜூலை, ஆகஸ்டிலேயே கொட்டிவிடும், அதுவும் சில நாள்களில் மொத்தமாக. 2024 ஜூன் 28 அன்று ஒரே நாளில் சஃப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர் பெய்தது. 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் கடல்மட்டக் கணக்கில் 208.66 மீட்டரைத் தொட்டு, செங்கோட்டை மதில்வரை தண்ணீர் வந்தது. மழை விட்ட ஒரு மாலையில் லோதி தோட்டம் கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும். அதற்காக மட்டும் சென்னையிலிருந்து போகச் சொல்ல மாட்டேன். சுதந்திர தின ஏற்பாடுகளுக்காகச் செங்கோட்டையும் ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாள்களில் மூடியிருக்கும்.

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை

பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு, ஓய்வுபெற்றவர்களுக்கு, புதுமணத் தம்பதிகளுக்கு இதுதான் காலம். மூடுபனி விலகியிருக்கும். பகல் 24, 25 டிகிரியில் தொடங்கி மார்ச்சில் 30ஐ எட்டும். ஒரு மெல்லிய சால்வை போதும். குடியரசுத் தலைவர் மாளிகையின் அமிர்தத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறப்பது வழக்கமாக இந்தச் சமயத்தில்தான். சாலையோர இலவ மரங்கள் இலையே இல்லாமல் சிவப்புப் பூவாக நிற்கும். நம் ஊரில் இலவம்பஞ்சாக மட்டும் தெரிந்த மரத்தின் உறவுக்காரர் அது. மார்ச்சில் புது டெல்லியின் நிழற்சாலைகளில் பழுத்த இலை கொட்டிப் புதுத் தளிர் விடும். வசந்தம் என்று இலக்கியத்தில் படித்ததை நேரில் பார்க்க வேண்டுமானால் அந்தச் சாலைகளில் நடக்க வேண்டும்.

ஆனால் இந்த இடைவெளி சுருங்கி வருகிறது. 1901இலிருந்து உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான மார்ச் 2022இல் வந்தது. மிக வெப்பமான பிப்ரவரி 2025இல் வந்தது. மார்ச் கடைசிவரை தாராளமாகப் போகலாம் என்ற பழைய அறிவுரையை இனி நம்ப வேண்டாம். ஹோலிக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள்.

காலாண்டு விடுமுறை

பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு நான் சொல்லும் காலம் இதுதான். செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம்வரை பள்ளிகளுக்குக் காலாண்டு விடுமுறை கிடைக்கிறது. சில ஆண்டுகளில் சரஸ்வதி பூஜையும் விஜயதசமியும் அதனோடு சேர்ந்தே வரும். பலர் இதைச் சொந்த ஊருக்கோ பக்கத்துக் கோயிலுக்கோ போய்வரும் விடுமுறையாகவே வைத்திருக்கிறோம். டெல்லியிலிருந்து பருவமழை விலகும் சராசரித் தேதி செப்டம்பர் 25. அதற்குப் பிந்தைய இரண்டு வாரங்கள் அந்த ஊரின் மிகத் தெளிந்த நாள்களில் அடங்கும். மழை தூசைக் கழுவிவிட்டுப் போயிருக்கும். வைக்கோல் எரிப்பு மும்முரமாகியிருக்காது. காற்றுத் தரம் பொதுவாக அக்டோபர் நடுவில்தான் மோசமாகத் தொடங்கும். மூடுபனிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. ரயில் நேரத்துக்குப் போகும். நண்பகலில் 34, 35 டிகிரி வெயில் இருக்கத்தான் செய்யும். சென்னைப் பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பகல் பன்னிரண்டு மணி நேரம் என்பதால் அவசரமும் இல்லை.

அந்த ஆண்டின் விடுமுறை நவராத்திரியோடு ஒத்துவந்தால் வேறொரு வாய்ப்பும் கிடைக்கும். மைதானங்களில் ராம்லீலா, விஜயதசமி மாலையில் ராவணன் உருவங்களை எரிப்பது, வங்காளிகள் வாழும் சித்தரஞ்சன் பூங்காவில் துர்க்கா பூஜைப் பந்தல்கள். பிள்ளைகள் செங்கோட்டையை மறந்தாலும் இவற்றை மறக்க மாட்டார்கள். அக்டோபரில் இரவு வேளையில் தெருவில் நடந்தால் ஏழிலைப்பாலை பூத்த மணம் சாலை முழுக்க நிற்கும். சிலருக்கு அந்த மணம் தலைவலி தரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மழை சில ஆண்டுகளில் தாமதமாகத்தான் விலகும். 2022 செப்டம்பர் கடைசி வாரத்தை ஒட்டி டெல்லியில் விடாமல் பெய்தது. ஆகவே விடுமுறையின் முதல் நாளே கிளம்புவதைவிட, கிடைக்கும் நாள்களில் அக்டோபரில் விழும் பகுதியைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. முதல் இரண்டு நாள்களை வீட்டில் கழித்துவிட்டுக் கிளம்பினாலும் நான்கு நாள் டெல்லியும் ஒரு நாள் ஆக்ராவும் பார்க்கலாம். போக ஒரு வழியாவது விமானம் கட்டுப்படியானால் ரயிலில் கழியும் இரண்டு இரவுகள் மிச்சம்.

காலாண்டுத் தேர்வுத் தேதிகள் ஜூன் மாதம் வெளியாகும் பள்ளி நாள்காட்டியிலேயே இருக்கும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை அது 120 நாளாக இருந்தது. செப்டம்பர் 29 ரயிலுக்கு ஜூலை 31 அன்றே டிக்கெட் விற்பனை தொடங்கிவிடும். பூஜை விடுமுறைக்கு டெல்லியிலிருந்து ஊர் திரும்பும் தமிழர்களும் அதே ரயில்களைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பதால், திரும்பும் பயணத்துக்கான டிக்கெட்டையும் அது திறக்கும் முதல் நாள் காலை எட்டு மணிக்கே எடுத்துவிடுங்கள்.